நான் குரலைக் குறைத்த நாள்

பிரேதம் வீட்டுக்கு வருவதற்கு முன்னமே பாட்டு வந்துவிட்டது.

விசுவமடுவில், றோட்டுக்கரை வீட்டு வளவு ஒன்றில், வேப்பமரத்தில் ஏறி நின்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்துப் பார்த்தால், கனடாவில் இருந்து குகன். பதினெட்டுப் பாட்டு அனுப்பியிருந்தான். பதினெட்டும் பக்திப் பாட்டு. பதினெட்டையும் பாடியவர் ஒரே அம்மா.

செத்துப்போனது குகனின் தாயார் பாக்கியம் மாமி. ஆஸ்பத்திரியில் இருந்து உடல் இன்னும் வெளிக்கிடவில்லை. அதனால் என்ன, பாட்டு வந்துவிட்டதே. மகனின் கடமையில் பாதி காலை ஏழு மணிக்கே முடிந்துவிட்டது.

பாட்டுக்குப் பின்னால் அழைப்பும் வந்தது. குகன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அழுது களைத்த குரலில்தான் கதைத்தான், அதை நான் மறுக்கமாட்டேன். லைவ் நன்றாக வரவேண்டும், கனடா, லண்டன், பாரிஸ் என்று சொந்தம் முழுக்கப் பார்க்கும், கமரா ஆடக்கூடாது, ஐயர் சொல்லும் மந்திரம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான்.

"மச்சான், உந்த ஒப்பாரி ஒண்டும் லைவிலை வரப்படாது. இஞ்சை எங்கடை பிள்ளையள் பார்க்கும். சனம் சிரிக்கும். பாட்டைப் போட்டு அமத்திவிடு."

ஓமடா என்றேன். மரத்தில் நிற்கிறவன் வேறு என்ன சொல்வது?

நெஞ்சை உருக்கியவர்கள்

இந்தச் செத்த வீட்டுக் கதையை இப்போது ஏன் எடுத்தேன் என்றால், வவுனியாவில் இருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். 'முப்பது வருசமாக மைக்கோடு வாழ்பவர் நீங்கள். எத்தனையோ பாடகிகளின் குரலைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் நெஞ்சை உருக்கிய பாடகிகளைப் பற்றி இந்தத் தொடரில் எழுதுங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, என் நெஞ்சு அவ்வளவு லேசில் உருகாது. பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று என் இடது காது அரைவாசி அவுட். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், செத்த வீடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியைத்தான் கட்டுகிறேன். பெட்டிக்கு வெட்கமில்லை. எனக்கும் நாளடைவில் போய்விட்டது.

ஆனாலும் ஒரு குரல் இருந்தது. அதை மறைக்க முடியாது.

குகன் அனுப்பிய பதினெட்டுப் பாட்டையும் பாடிய அதே அம்மாதான். பெயரை எழுதமாட்டேன். உங்களில் பாதிப்பேருக்கு இந்நேரம் ஒரு பெயர் வந்திருக்கும், மற்றப் பாதிக்கு வேறு பெயர் வந்திருக்கும், இரண்டும் சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வன்னியில் கரண்ட் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வரும் கரண்டில்தான் கசெற் கேட்போம். ஒருவன் சுற்ற நாலுபேர் கேட்போம். சுற்றுகிறவன் களைத்துவிட்டால் அந்த அம்மாவின் குரல் இறங்கி இறங்கிக் கடைசியில் ஆம்பிளைக் குரல் ஆகிவிடும். கண்ணனைத் தாலாட்டிக்கொண்டிருப்பவர் திடீரென்று கண்ணனை மிரட்டுவார். "சுத்தடா" என்று எல்லாரும் கத்துவோம்.

அநேகமாகச் சுற்றுகிறவன் நான்தான். அந்த அம்மாவை அம்மாவாகவே வைத்திருக்க என் தோள்மூட்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்றைக்கும் மாரி காலத்தில் வலது தோள் உளையும். காதலித்தவர்களுக்குக் கவிதை மிஞ்சும், எனக்கு வாதம் மிஞ்சியது. குகனும் அந்த நாலுபேரில் ஒருவன். அவன் சுற்றமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

வாய் மட்டும்

கரண்ட் வந்தபிறகு பாடகிகளும் வந்தார்கள். கடல்கடந்து வந்த ஒரு பெரிய பாடகிக்குக் கிளிநொச்சியில் ஒரு மைதானத்தில் மேடை போட்டார்கள். பெரிய கொம்பனிதான் சவுண்ட். எனக்குப் பின்பக்கத்துப் பெட்டிகள் நாலைப் பார்க்கும் உத்தியோகம். அதாவது வயரை மாடு மிதிக்காமல் பார்ப்பது.

பாடகி வந்தார். சேலை மினுங்கியது. பாட்டுத் தொடங்கியதும் சனம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதது. எனக்கும் கண் கலங்கியது. இரண்டாம் சரணத்தில் ஜெனரேற்றர் ஒரு இருமல் இருமி நின்றது. மேடை விளக்குக்கு வேறு லைன், அது எரிந்தது. பாட்டு நின்றுவிட்டது. பாடகிக்கு மட்டும் அது தெரியவில்லை. கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, ஒரு சத்தமும் இல்லாமல் உருகிக்கொண்டே இருந்தார். பாடியதெல்லாம் முன்னமே பதிந்து கொண்டுவந்த பாட்டு.

சனம் கோபப்படும் என்று நினைத்தேன். எங்கள் சனத்தை நான் இன்னும் சரியாக அறியவில்லை. "பாவம், என்ன அடக்கம் பாருங்கோ" என்றார் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ரீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதே மேடையில், அந்தப் பாடகி வருவதற்கு முன்னம், எங்கள் ஊர் இசைக்குழுவில் பாடும் வசந்தி அக்காவுக்கு ஒரேயொரு பிள்ளையார் பாட்டுக் கொடுத்திருந்தார்கள். அவா நிசமாகவே பாடினா. தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் மேல் சுருதியில் ஏறி நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்று நின்றா. அப்போது சனம் கச்சான் கடலை வாங்கப் போயிருந்தது. உள்ளூர்ப் பிள்ளையாருக்கும் உள்ளூர்ப் பாடகிக்கும் எங்களிடம் எப்போதும் ஒரே மரியாதைதான்.

நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்து, அந்தப் பெரிய பாடகியின் குரலைப் பற்றி என் மனிசி தவமலருக்கு விளக்கினேன். கரண்ட் நின்ற பகுதியைச் சொல்லவில்லை. அவள் குசினியில் இருந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். "கொஞ்சம் சத்தம் போடாமல் இரன், பாட்டுக் காதுக்கை நிக்குது" என்றேன்.

தவமலர் அகப்பையோடு வெளியே வந்தாள். "ஊரிலை உள்ள பொம்பிளையளின்ரை குரல் எல்லாம் உங்களுக்கு இனிக்கும். வீட்டிலை உள்ளவள் வாய் திறந்தால் மட்டும் சத்தம், என்ன?" என்று கேட்டாள்.

அன்றைக்குக் கண்ணீர் விட்ட ஆம்பிளைகளில் எத்தனைபேர் வீட்டுக்குப் போய் 'கத்தாதை' என்று சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் யோசித்தேன். பிறகு சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

யோகக்கா

சரி, செத்த வீட்டுக்கு வருவோம்.

பாக்கியம் மாமிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவா யோகராணி, எங்களுக்கெல்லாம் யோகக்கா. இளையவன் குகன். குகன் இளவயதிலேயே வெளிநாடு போய்விட்டான். யோகக்காவுக்குக் கலியாணம் பேசிய நேரமெல்லாம் ஒரு இடப்பெயர்வு வந்தது. பொருத்தம் பார்த்துச் சாதகக் குறிப்பு வீட்டுக்கு வரும், அதற்கிடையில் வீடு வேறு இடத்துக்குப் போயிருக்கும். கடைசியில் குறிப்பும் இல்லை, வீடும் இல்லை, வயதும் இல்லை. மிஞ்சியது தாய் மட்டும்தான். கடைசிச் சண்டையில் அந்தத் தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தி, கடற்கரை வரைக்கும் உருட்டிக்கொண்டு போனவா இந்த யோகக்கா. முகாமில் இருந்து திரும்பி வந்து, அதே வளவில் தறப்பாள் கட்டி, பிறகு வீடு கட்டி, பிறகு படுக்கையில் விழுந்த தாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவாவும் அவாதான்.

எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போவதுதான் வழமை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவள் கலியாணம் கட்டவேண்டும். சீதனமாகத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை இல்லாவிட்டால் சீதனம் எதற்கு? ஆகவே குகன் கேட்டபடி, மாமி படுக்கையில் விழுவதற்கு முன்னம், காணி உறுதிப் பத்திரம் குகனின் பெயருக்கு மாறியது. 'எழுத்து என்ரை பேரிலை இருந்தால் என்ன, அக்கா இருக்கிற மட்டும் இருக்கட்டும்' என்று அப்போது அவன் சொன்னதாக ஊரில் கதை.

பிறகு முல்லைத்தீவு றோட்டு தார் போட்டுக் காப்பெற் ஆனது. றோட்டுக்கரை வளவுகளின் விலை ஏற ஏற, 'இருக்கிற மட்டும்' என்பதன் நீளம் குறைந்துகொண்டு வந்தது. மாமி சாவதற்கு ஒரு மாசம் முன்னம் நில அளவையாளர் ஒருவரும் ஒரு தரகரும் வந்து காணியை அளந்தார்கள். அங்கே ஒரு கலியாண மண்டபம் கட்டப் போகிறார்களாம். கலியாணம் நடக்காததால் வீட்டை இழந்தவளின் வளவில் கலியாண மண்டபம். இதையெல்லாம் நான் கற்பனை செய்து எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

இது ஊர் முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். "பாவம் யோகம்" என்றோம்.

யோகக்கா வாய் திறக்கவில்லை. அவாவின் குரல் எப்படி இருக்கும் என்றுகூட நான் அதுவரை யோசித்ததில்லை. "வாங்கோ தம்பி, இருங்கோ தம்பி" என்பதற்கு மேல் அவா என்னோடு கதைத்தது கிடையாது. சங்கக்கடை வரிசையில் நின்றால்கூட முன்னுக்கு நிற்கிறவருக்குக் கேட்காது.

பதினெட்டில் நாலாவது

பத்து மணிக்கு உடல் வந்தது. விறாந்தையில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. ஐயர் வந்தால் அவருடைய சால்வையில் குத்துவதற்கு ஒரு சின்ன மைக் வைத்திருந்தேன். வயர் இல்லாதது. 'ஒண்டு, ரெண்டு' சொல்லிப் பார்த்துவிட்டு அதைக் குத்துவிளக்கின் தண்டில் குத்திவைத்தேன். ஐயருக்கு அன்றைக்கு இன்னொரு செத்த வீடும் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஐயர்மார் குறைவு, சாவு குறைவில்லை. வரப் பதினொன்றரை ஆகும் என்றார்கள்.

முற்றத்து ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் போகும். வெளிநாட்டுக்குப் போகும் லைவில் பாட்டும் மைக்கும் சேர்ந்து போகும். ஐயர் வரும்வரை மைக்கை மூடிவைக்கவேண்டும். முப்பது வருச அனுபவம் உள்ளவன், மறந்துபோனேன்.

அந்த அம்மாவின் முதலாம் பாட்டுப் போட்டேன். அழுகைச் சத்தம் ஒன்றும் வெளியே கேட்கவில்லை. குகன் சொன்னது சரிதான், அமத்திவிட்டது. போனில் லைவைப் பார்த்தால், கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கும்பிடு போட்ட கைகள், பூக்கள், 'ஆழ்ந்த அனுதாபம்', 'ஓம் சாந்தி'. யாரோ ஒருவர் 'அருமையான பாட்டு, யார் பாடியது' என்று கேட்டிருந்தார். செத்த வீட்டிலும் ரசிகன் ரசிகன்தான்.

வெளியூரில் இருந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பிரேதத்தைச் சுற்றி இருந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அழத் தொடங்கினார்கள். ஒப்பாரி எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒப்பாரி சொல்கிறவளை இடையில் மறிக்கக்கூடாது. அவள் சொல்வதற்கு மறுத்துக் கதைக்கக்கூடாது. மற்ற நாளில் 'உனக்கென்ன தெரியும், உள்ளுக்குப் போ' என்கிற ஆம்பிளைகள், செத்த வீட்டில் அவள் என்ன சொன்னாலும் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கவேண்டும். நாகரிகமான ஆட்களுக்கு ஒப்பாரி பிடிக்காமல் போனதற்குக் காரணம் சங்கீத அறிவுதான் என்று நான் நம்பத் தயாரில்லை.

மூன்றாம் பாட்டு முடிந்து நாலாவது தொடங்குவதற்கு இடையில் ஒரு சின்ன வெளி. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒரு குரல் வந்தது.

*பத்து மாசம் சுமந்தவளே – உன்னைப்*
*பதினாறு வருசமெல்லோ சுமந்தனான்*
*கரியரிலை இருந்தவளே – இண்டைக்குக்*
*கண்திறக்க மாட்டியோணை*

நிமிர்ந்து விறாந்தையைப் பார்த்தேன். தலைமாட்டில், குத்துவிளக்கோடு ஒட்டிக்கொண்டு, யோகக்கா இருந்தா. மைக்குக்கும் அவாவின் வாய்க்கும் ஒரு முழம்கூட இல்லை. நாலாவது பாட்டுத் தொடங்கியது. அந்த அம்மாவின் தேன் குரலுக்கு அடியில் இந்தக் குரல் கரகரவென்று போய்க்கொண்டே இருந்தது.

*கனடாப்போன் எடுத்த பிள்ளை உன்ரை*
*குறைநோவைக் கேக்கேல்லை*
*காணி உறுதி எங்கையெண்டு*
*கவனமாக் கேட்டானெணை*

*வளவு அளக்க வந்தவைக்கு*
*வாசலிலை கதிரை வைச்சன்*
*தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்*
*தெரியாமல் குடுத்தனெணை*

*என்னை எழுப்ப வந்தவையெண்டு*
*எவரெனக்குச் சொன்னவை*

ஒரு வினாடி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இது முற்றத்தில் இருக்கிற சனத்துக்குக் கேட்கவில்லை, பாட்டு மூடிவிட்டது. ஆனால் லைவில் போகிறது. கனடாவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும், தெளிவாக, நான் தேடி வாங்கிய நல்ல மைக்கில்.

என் போன் அதிர்ந்தது. குகன்.

மிக்ஸரில் இரண்டு குமிழ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று மைக், மற்றது பாட்டு. மைக்கைக் குறைத்தால் எல்லாம் சரி. என் தொழிலும் சரி, சிநேகிதமும் சரி, வெளிநாட்டுச் சனத்தின் நாகரிகமும் சரி. யோகக்கா அழுது முடித்துவிட்டு, எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிய, ஒரு சூட்கேசோடு யாராவது சொந்தக்காரர் வீட்டுப் பின்னறைக்குப் போயிருப்பா. நாங்களும் "பாவம் யோகம்" என்று இன்னொரு தரம் சொல்லியிருப்போம்.

கையை வைத்தேன். போன் இரண்டாம் தரமும் அதிர்ந்தது.

குறைத்தேன். மைக்கை அல்ல. பாட்டை.

கையால் பெடல் சுற்றித் தோள்மூட்டை உடைத்து நான் காப்பாற்றிய அந்த அம்மாவின் குரலை, என் கையாலேயே இறக்கி இறக்கிப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். முற்றத்தில் ஸ்பீக்கர் அடங்கியது. கதிரைகளில் இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். வளவு முழுக்க யோகக்காவின் குரல் மட்டும்தான்.

*கொள்ளி வைக்க வராத பிள்ளை*
*குடியெழுப்ப ஆள் விட்டான்*
*எணை அம்மா...*

அதற்குப் பிறகு சொல் வரவில்லை. எங்கள் பக்கத்தில் தாயைக் கூப்பிடுகிற 'எணை, எணை' மட்டும் வந்தது. தாயின் முகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை நித்திரையில் இருக்கும் தாயை எழுப்புவது போல, எணை, எணை. அதில் ராகம் இல்லை, தாளம் இல்லை, சுருதியும் இல்லை. ஆண்கள் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. நான் அழுதேன். வாசகர் கேட்டாரே, நெஞ்சை உருக்கிய பாடகி யார் என்று. இதுதான் ஐயா பதில்.

லைவில் ஓடிக்கொண்டிருந்த எழுத்து நின்றுவிட்டிருந்தது. பூவும் இல்லை, கும்பிடும் இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது. லண்டனில் இருக்கும் மாமியின் சொந்தத் தங்கை எழுதியிருந்தார்: 'குகன், இது உண்மையோ?'

போன் ஆறாம் தரமும் அதிர்ந்து ஓய்ந்தது. ஐயர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

மனமுவந்து

பின்னேரம் சுடலையில் இருந்து வந்து, குளித்துவிட்டுத்தான் குகனின் அழைப்பை எடுத்தேன்.

"வேணுமெண்டோ மச்சான் செய்தனீ?" என்று கேட்டான்.

வயரில் ஏதோ லூஸ் என்றேன். வயரே இல்லாத மைக்குக்கு வயர் லூஸ். அவனுக்கு அது விளங்காது, அவன் ஒருநாளும் பெடல் சுற்றியவன் இல்லை.

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அக்கா சாப்பிட்டவாவோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். கடைசியில், வீடியோவை அழித்துவிடச் சொன்னான்.

உடனேயே அழித்தேன். நான் நாணயமானவன். ஆனால் அதற்கிடையில் அது பாரிசில் ஒரு போனிலும், லண்டனில் ஒரு போனிலும், கனடாவில் குகனின் மாமனார் வீட்டுப் போனிலும் சேமிக்கப்பட்டுவிட்டது. எங்கள் சொந்தக்காரர்கள் நல்லது கெட்டதுக்கு உதவாவிட்டாலும் வீடியோ அனுப்புவதில் பின்னிற்கமாட்டார்கள். கனடாவில் குகன் கோயிலுக்குப் போனால் சனம் சுகம் விசாரிப்பதற்குப் பதிலாகக் காணியை விசாரித்ததாம். அவன் மனிசியே இரண்டு நாள் கதைக்கவில்லை என்றும் ஒரு கதை வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சடித்துக் கொடுத்தார்கள். நல்ல வழவழப்பான தாள். உள்ளே மாமியின் படம், தேவாரம், வம்சாவளி. கடைசிப் பக்கத்தில் கறுப்பெழுத்தில் இப்படி ஒரு வரி: 'அன்னையின் நினைவாக, அன்புச் சகோதரிக்கு இல்லத்தையும் காணியையும் மகன் மனமுவந்து அன்பளிப்புச் செய்துள்ளார்.' மனமுவந்து. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். நன்கொடை உறுதி எழுதி யோகக்காவின் கைக்கு வந்ததும் உண்மை. கலியாண மண்டபக்காரர் வேறு வளவு பார்த்துவிட்டார்.

ஊரில் இரண்டு கட்சி. குகனின் பெருந்தன்மையைப் புகழ்ந்த கட்சி ஒன்று. என் சாமர்த்தியத்தைப் புகழ்ந்த கட்சி மற்றது. இரண்டாவது கட்சியில் நானும் தவமலரும் இருந்தோம். உண்மையைச் சொன்னால் நான் மட்டும்தான்.

ஒருக்காப் பாடினது

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கிய நேரம், எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தார் சின்னதாக ஒரு மேடை போட நினைத்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்படிப்பட்ட யோசனைகள் வராவிட்டால் நான் நானில்லை. அவ்வளவு பெரிய பாடகியைக் கண்டுபிடித்தவன் நான், அவாவை மேடையேற்றுவதும் என் பொறுப்புத்தானே. யோகக்கா வீட்டுக்குப் போனேன்.

அவா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. விறாந்தையில் கதிரை எடுத்து வைத்தா, தேத்தண்ணி தந்தா. நான் கொஞ்சம் இழுத்துப் பறைந்துவிட்டு, "அக்கா, மேடையிலை ஒரு அம்மன் பாட்டு நீங்கள் பாடவேணும். மைக்குக்குப் பயப்பிடாதேங்கோ, நான் பக்கத்திலை நிப்பன்" என்றேன்.

யோகக்கா சிரித்தா. அவா சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம்.

"மைக்குக்கு முன்னாலை ஒருக்காப் பாடினது காணாதே, தம்பி?"

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அவா நெல்லைக் காலால் அளைந்துகொண்டே, சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனா. நான் குத்துவிளக்கில் மைக்கைக் குத்தி 'ஒண்டு, ரெண்டு' சொன்னதை அவா உள்ளே இருந்து பார்த்திருக்கிறா. செத்த வீட்டில் மகள் வழக்கமாகக் கால்மாட்டில்தான் இருப்பாளாம், ஊரில் உள்ள ஒன்றுவிட்ட சித்தியும் அப்படித்தான் சொன்னாவாம். அவாதான் எழும்பிப் போய்த் தலைமாட்டில் இருந்துகொண்டாவாம்.

"அம்மா உயிரோடை இருக்கேக்கை நான் சொல்லியிருந்தால் ஆர் கேட்டிருப்பினம்? பிரேதத்துக்கு முன்னாலை சொன்னால்தான் மறிக்கமாட்டினம். அவன் வரமாட்டான் எண்டு தெரியும். உம்மடை மைக் போகும் எண்டும் தெரியும்."

இவ்வளவு நாளும் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த என் வீரம், நெல்லோடு நெல்லாக முற்றத்தில் கிடந்தது. ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு முள்ளாகக் குத்தியது. நான் அழுதேனே. என் வாழ்நாளில் ஒரு பாட்டுக்கும் அப்படி அழுததில்லை. அதுவும் யோசித்துச் செய்ததுதானா? கேட்கவும் கூச்சமாக இருந்தது, கேட்காமல் எழும்பவும் முடியவில்லை.

"அப்ப அந்த அழுகையும்..." என்று இழுத்தேன்.

யோகக்கா நெல் அளைவதை நிறுத்தினா.

"முதல் சொன்னதெல்லாம் என்ரை காணி வழக்குத்தான், தம்பி. மறைக்கமாட்டன். நீர் என்ரை சத்தத்தைக் குறைப்பீர் எண்டுதான் நினைச்சுக்கொண்டு அவசரம் அவசரமாச் சொன்னனான். பாட்டு நிண்டிட்டுது. என்ரை குரலையெல்லோ கேக்கினம் எண்டு தெரிஞ்சுது. அதுக்குப் பிறகுதான் நான் அம்மாவுக்கு அழுதனான்."